வன்னி வெயிலுக்குத் தாங்கும் முருகைகள்: 80 லீற்றர் கடல்நீர்த் தொட்டியின் செய்முறைப் பதிவு

சித்திரை மாதத்துப் பிற்பகல் இரண்டு மணிக்கு உங்கள் தொட்டித் தண்ணீர் எத்தனை பாகை? அந்த நேரம் பார்த்துக் கறண்ட் போனால் தொட்டி எத்தனை மணித்தியாலம் தாங்கும்? கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் வீட்டுக்குள் முருகை (உயிருள்ள பவளம்) வளர்க்க நினைப்பவர் இந்த இரண்டுக்கும் விடையை ஒரு தாளில் எழுதி வைத்த பிறகுதான் எந்த முருகை வாங்குவது என்று யோசிக்க வேண்டும். நிறத்தைப் பார்த்து வாங்கி, பிறகு தொட்டியை அதற்கு ஏற்றபடி மாற்றப் பார்ப்பதுதான் இங்கே கூடுதலாக நடக்கிற பிழை. குளிர்சாதன அறை இல்லாத வீட்டில் அது ஒரு கோடையைத் தாண்டாது.

கீழே உள்ளது 61 × 38 × 38 சென்ரிமீற்றர் தொட்டி ஒன்றுக்கான பதிவு. கண்ணாடி 8 மில்லிமீற்றர். 6 மில்லிமீற்றரும் தாங்கும். ஆனால் மேல்விளிம்புச் சட்டம் இல்லாமல் செய்வதென்றால் 8 தான் நம்பிக்கை. 35 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நிரப்பினால் கணக்குப்படி 80 லீற்றர் வரும். கல்லும் மணலும் பிடித்த இடம் போக உண்மையில் உள்ள தண்ணீர் 65 லீற்றர்தான். உப்பு, ஆப்பச்சோடா, மருந்து எல்லாவற்றையும் இந்த 65 க்கே கணக்குப் பார்க்க வேண்டும். 80 என்று எண்ணிப் போடுவதால் அளவு கூடிப்போன தொட்டிகள் பல.

இடம்

வீட்டின் நடு அறை. தகரக் கூரைக்கு நேர் கீழேயும் மேற்குச் சுவரோடும் வேண்டாம். விறகு அடுப்புப் புகை வராத இடமாக இருக்கட்டும். நுளம்புத்திரியை யாரும் யோசிப்பதில்லை. அதில் உள்ள பைரித்ரொயிட் வகை மருந்து இறால், நண்டு போன்றவற்றுக்கு நஞ்சு, மீனுக்கும் கூடாது. காற்றுப் பம்ப் அறைக் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் ஊதுகிறது. திரி கொளுத்துகிற அறையில் பம்ப் ஓடினால் புகை நேரே தொட்டிக்குள் போகும். அந்த அறைக்கு நுளம்பு வலை போதும். டெங்குக்குப் புகை அடிக்க வருகிற நாளில் காற்றுப் பம்பை நிறுத்தி, தொட்டியை ஈரத் துணியால் மூடி, தண்ணீருக்குள் ஓடும் அலைப் பம்பை மட்டும் விட வேண்டும். வயலுக்கு மருந்து அடித்துவிட்டு வந்த கை, எத்தனை தரம் சவர்க்காரம் போட்டாலும், அன்றைக்குத் தொட்டிக்குள் போகக்கூடாது.

வெக்கையும் கறண்டும்

முருகைக்கு நல்லது 25 முதல் 27 பாகை செல்சியஸ். 29 க்கு மேல் நாட்கணக்காக நின்றால், முருகையின் உடலுக்குள் இருந்து ஒளியில் உணவு செய்து கொடுக்கும் நுண்பாசியை அது வெளியே தள்ளத் தொடங்கும். அதுதான் வெளிறுதல். 1998 இல் எல் நினோ ஆண்டின் வெக்கையில் இலங்கையின் ஆழம் குறைந்த முருகைக்கற்பாறைகளில் பெரும்பகுதி இப்படித்தான் வெளிறிச் செத்தது. கடலுக்கே நடந்தது 65 லீற்றருக்கு நடக்க ஒரு கிழமை போதும்.

குளிராக்கும் இயந்திரம் விலை கூடியது, கறண்டும் தின்னும். 12 வோல்ற்றில் ஓடும் கணினி விசிறி இரண்டை நீர்மட்டத்துக்குச் சாய்வாகப் பூட்டினால் ஆவியாதல் தண்ணீரைக் குளிராக்கும். வன்னியில் இது காலத்தைப் பொறுத்தது. வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம் வீசும்போது காற்று காய்ந்திருப்பதால் விசிறி நன்றாக வேலை செய்யும்; அறை 33 பாகையாக இருந்தாலும் தொட்டி 29 ஐத் தொடாமல் நிற்கும். பங்குனிக் கடைசியும் சித்திரையும்தான் உயிர் எடுக்கிற காலம். காற்று நின்றுவிடும், ஈரப்பதன் கூடிவிடும், விசிறி ஓடியும் 30 காட்டும். அந்த ஐந்தாறு கிழமைக்கு மட்டும் பனிக்கட்டிப் போத்தல் வேண்டும். அரை லீற்றர் போத்தலில் தண்ணீர் உறைய வைத்து, மூடி இறுக்கி மிதக்கவிட்டால் 65 லீற்றரை ஒரு பாகைக்குச் சற்றுக் குறைவாக இறக்கும். ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு போத்தலுக்கு மேல் போட வேண்டாம். 31 இலிருந்து 26 க்கு ஒரே இழுவையில் இறக்குவது வெக்கையைவிட மோசம். கார்த்திகை, மார்கழி மாரியில் விசிறி ஓடத் தேவையே வராது. அதனால் 26.5 இல் தொடங்கி 26 இல் நிற்கும்படி ஒரு வெப்பநிலை ஆளியில் விசிறியை மாட்டிவிடுவது நல்லது.

விளக்கு நேரத்தை மாற்றுவது செலவில்லாத குளிராக்கல். பிற்பகல் 3 மணிக்குப் போட்டு இரவு 11 க்கு நிறுத்துங்கள். உச்சி வெயில் நேரத்தில் விளக்கின் சூடும் சேராது; வேலையால் வருபவருக்கும் தொட்டியைப் பார்க்கக் கிடைக்கும்.

விசிறி ஓடினால் நாளுக்கு ஒன்று முதல் இரண்டு லீற்றர் ஆவியாகும். போவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே நிற்கும். இரண்டு லீற்றரைத் திரும்ப நிரப்பாமல் விட்டுவிட்டால் ஆயிரத்துக்கு 35 பங்காக இருந்த உவர்ப்பு 36 ஐத் தாண்டும். ஆகவே நிரப்புவது எப்போதும் நல்ல தண்ணீரால்தான், உப்புத் தண்ணீரால் அல்ல. கண்ணாடியில் ஒரு ரேப் ஒட்டி, காலையும் மாலையும் அந்தக் கோடு வரை ஊற்றலாம். மறதி உள்ள வீட்டில் மேலே ஒரு வாளி, சேலைன் குழாய், முனையில் சின்ன மிதவை வால்வு. வாளியில் இரண்டு நாளைக்குத் தேவையானதைவிடக் கூட வைக்கக்கூடாது. வால்வு இறுகிப் பிசகினால் முழு வாளியும் தொட்டிக்குள் இறங்கும்.

கறண்ட் போனால் முதலில் குறைவது ஒட்சிசன். முருகையும் மீனும் கல்லில் உள்ள பற்றீரியாவும் எல்லாமே மூச்சு விடுகின்றன. தண்ணீர் அசையாவிட்டால் மேலிருந்து ஒட்சிசன் கரையாது. வெக்கைத் தண்ணீரில் ஏற்கெனவே குறைவாகத்தான் கரைந்திருக்கும். எனவே அலைப் பம்பை 12 வோல்ற் நேரோட்ட வகையாக வாங்க வேண்டும். 5 வாற் பம்ப் ஏறக்குறைய 0.42 அம்பியர் இழுக்கும். 12 வோல்ற் 7 அம்பியர்-மணி மூடிய பற்றரியில் பாதியை மட்டும் பாவித்தால் எட்டு மணித்தியாலம் ஓடும். சார்ஜர், பற்றரி, பம்ப் மூன்றையும் சமாந்தரமாக இணைத்துவிட்டால் கறண்ட் போனதும் எந்த ஆளியும் தேவையில்லாமல் பம்ப் தொடர்ந்து ஓடும். சார்ஜர் 13.8 வோல்ற்றுக்கு மேல் போகாத மிதவைச் சார்ஜராக இருக்க வேண்டும். பம்ப் அந்த வோல்ற்றளவைத் தாங்குமா என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள். வீட்டில் சூரியப் படலம் உள்ளவர்கள் அந்தப் பற்றரியிலேயே இழுக்கலாம். வயர்கள் பிளக்கிற்கு முன் ஒரு தரம் கீழே தொங்கி மேலேற வேண்டும், அப்போதுதான் உப்புத் தண்ணீர் வயரோடு வழிந்து பிளக்கிற்குள் போகாது. ரிப் சுவிச் இல்லாத வீட்டில் இந்தத் தொட்டியை வைக்கவே வேண்டாம்.

தண்ணீர்

கிணற்றுத் தண்ணீர் உதவாது. வன்னிக் கிணறுகள் பல கடினநீர். தோட்டங்களுக்கு அருகே பசளையால் நைத்திரேற்றும் கூடியிருக்கும். குடிதண்ணீருக்காக ஊர்களில் வைத்திருக்கும், சவ்வினூடாக உப்பை வடிக்கும் ஆர்ஓ நிலையங்களில் 20 லீற்றர் கானில் எடுக்கலாம். ஆனால் சுவைக்காகக் கொஞ்சம் கனியுப்பு விட்டுத்தான் சில இடங்களில் தருவார்கள். கரைந்துள்ள உப்புகளை அளக்கும் ரீடிஎஸ் மீற்றர் ஒன்றைக் கையோடு கொண்டுபோய்ப் பாருங்கள். 10 க்குக் கீழே என்றால் அப்படியே பாவிக்கலாம். 40, 60 என்று காட்டினால் மிச்ச உப்பைப் பிடித்துக்கொள்ளும், நிறம் மாறும் டிஐ பிசின் நிரப்பிய குழாய் ஒன்றின் ஊடாக மெதுவாக விட்டு, பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

கடல்நீருக்கு இரண்டு வழி. பெட்டி உப்பு வாங்கிக் கலப்பது ஒன்று: லீற்றருக்கு 36 முதல் 38 கிராம், அதாவது முதல் நிரப்பலுக்கு ஏறக்குறைய 2.4 கிலோ. தண்ணீருக்குள் உப்பைத்தான் போட வேண்டும். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கல்சியமும் காரமும் ஒன்றோடொன்று பிடித்து வெள்ளைப் பொடியாக அடியில் படிந்துவிடும், திரும்பக் கரையாது. பம்ப் போட்டு ஒரு நாள் சுற்றவிட்ட பிறகே தொட்டிக்குள் விட வேண்டும்.

மற்ற வழி, முல்லைத்தீவுக் கடல். கரையில் அள்ளக்கூடாது. வெளியே தொழிலுக்குப் போகிற படகில் சொல்லி, எஞ்சின் எண்ணெய் படராத பக்கத்தால் கானை அமிழ்த்தி எடுப்பிக்க வேண்டும். மாரி காலத்தில் நந்திக்கடல், நாயாறு களப்புகள் கடலுக்குள் வெட்டி ஓடும்போது கரைக்கடலின் உவர்ப்பு இறங்கிவிடும், கலங்கலும் பசளையும் சேரும். ஐப்பசி முதல் தை வரை அந்தப் பக்கம் போகாமல் முன்பே சேமித்து வைப்பது புத்தி. கொண்டுவந்த தண்ணீரைத் துணியில் வடித்து, 20 லீற்றருக்கு வாசனை சேராத 5 வீத குளோரின் கரைசல் 5 மில்லிலீற்றர் விட்டு ஒரு நாள் மூடி வைக்க வேண்டும். பிறகு 2 கிராம் சோடியம் தயோசல்பேற்று போட்டு, ஒரு நாள் காற்று ஊத வேண்டும். நீச்சல் குளத்துக்குப் பாவிக்கும் குளோரின் சோதனைத் துளியில் நிறம் வராத பிறகே பாவனைக்கு. இப்படிச் செய்யாமல் பச்சையாக ஊற்றினால் தெரியாத ஒட்டுண்ணியும் பாசி வித்தும் கூடவே வரும்.

உவர்ப்பு 35, அதாவது ஒப்படர்த்தி 1.026 க்கு அருகே. உவர்ப்பை அளக்கும் ஒளிமுறிவு மானியை வெறும் தண்ணீரில் பூச்சியம் வைத்துவிட்டு நம்புவது போதாது. ஆர்ஓ தண்ணீர் 963.5 கிராமில் சுத்தமான உப்பு 36.5 கிராம் கரைத்தால், அதன் ஒளிமுறிவு 35 உவர்ப்புக் கடல்நீருக்குச் சமம். அந்தத் துளியை வைத்து 35 இல் திருகிக்கொள்ளுங்கள். நகை நிறுக்கிற சின்ன மின்தராசு ஒன்று இந்த வேலைக்கும் ஆப்பச்சோடாவுக்கும் போதும்.

கல்

கடற்கரையில் கிடக்கும் முருகைக்கல்லை எடுத்து வரக்கூடாது. அது செத்த கல்தானே என்ற பேச்சுக்கு இடமில்லை: இலங்கையில் கல்முருகைகள் (சுண்ணக் கல்லால் கூடு கட்டும் முருகைகள்) தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை, கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதும் தடை. கடைகளில் கிடைக்கும் சுட்ட மண் கல் 7 கிலோ போதும். அதுவும் கிடைக்காவிட்டால் வீட்டிலேயே வார்க்கலாம். வெள்ளைச் சீமெந்து ஒரு பங்கு, கழுவி உடைத்த சிப்பி ஓடு மூன்று பங்கு, கல்லுப்பு ஒரு பங்கு. இறுக்கமாகக் குழைத்து ஈர மணல் குழியில் வார்க்க வேண்டும். உப்புக் கரைந்து போன இடங்கள் துளைகளாகும். அந்தத் துளைகளில்தான் பற்றீரியா குடியிருக்கும். புதுச் சீமெந்து தண்ணீரின் பிஎச் ஐ 12 வரை ஏற்றும். ஆகவே நல்ல தண்ணீரில் ஊறவைத்து இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே வர நான்கு முதல் ஆறு கிழமை எடுக்கும். ஒரு நாள் முழுக்கக் கல் ஊறிய தண்ணீர் 8.5 க்குக் கீழே காட்டினால் கல் தயார். அவசரப்பட்டு மூன்றாம் கிழமையில் போட்ட கல் மீனைக் கொன்றுவிடும்.

தொட்டி பழகும் காலம்

கல்லும் மணலும் தண்ணீரும் சேர்ந்த பிறகு, நடுத்தர இறால் ஒன்றைச் சின்ன வலைத் துணியில் கட்டிப் போட்டு அழுகவிட வேண்டும். அமோனியா ஏறும், பிறகு நைத்திரைற்று ஏறும், பிறகு இரண்டும் பூச்சியமாகி நைத்திரேற்று தெரியும். வன்னி வெக்கையில் மூன்று முதல் ஐந்து கிழமை. அதன் பின் மண்ணிறப் பாசி ஒன்று கண்ணாடியிலும் மணலிலும் படரும். அதைத் துடைத்துத் துடைத்துப் போராட வேண்டாம். புதுத் தொட்டியில் சிலிக்கேற்று தீரும்போது அதுவும் போய்விடும். அது போன பிறகே முதல் முருகை.

இலக்குகள் (டிகேஎச் தவிர மற்றவை லீற்றருக்கு மில்லிகிராமில்): அமோனியாவும் நைத்திரைற்றும் 0, நைத்திரேற்று 5 முதல் 15, பொசுபேற்று 0.03 முதல் 0.1, காரத்தன்மை 8 முதல் 9 டிகேஎச், கல்சியம் 400 முதல் 450, மக்னீசியம் 1250 முதல் 1350. கல் கூடு கட்டாத மென்முருகைகள் மட்டும் உள்ள தொட்டிக்குக் கல்சியம் சேர்க்கத் தேவை வராது. கிழமைக்கு 7 லீற்றர் மாற்றினால் எல்லாம் தானாக நிற்கும். டிகேஎச் 7 க்குக் கீழே போனால் மட்டும் ஆப்பச்சோடா 2 கிராம் கரைத்து விட்டால் ஒரு டிகேஎச் ஏறும். ஒரு நாளில் ஒன்றுக்கு மேல் ஏற்றக்கூடாது. நைத்திரேற்றைப் பூச்சியத்துக்குத் துடைத்தெடுப்பது பெருமையல்ல. மென்முருகைகள் அதைத் தின்றே வளர்கின்றன. பட்டினி போட்டால் சுருங்கும், அந்த வெற்றிடத்தில் சளி போன்ற மண்ணிறப் படலம் பிடிக்கும்.

எந்த முருகை

வெக்கை, மின்வெட்டு, சட்டம் மூன்றும் ஒரே திசையைக் காட்டுகின்றன. கல்முருகைகள் அனைத்தும் அருகிவரும் இனங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளன. வீட்டுத் தொட்டியில் பாவிக்கும் மென்முருகைகளும் காளான் முருகைகளும் சோவாந்தஸும் அதில் இல்லை. வெக்கையையும் அசைவு குறைந்த தண்ணீரையும் சகித்துக்கொள்வதும் இவைதான். ஆகவே முதல் ஆண்டு முழுக்க இந்தக் கூட்டத்துக்குள்ளேயே நிற்பது எங்கள் உறுதியான ஆலோசனை.

முதலில் காளான் முருகை. டிஸ்கோசோமா வகை சிவப்பு, நீலம், பச்சை, புள்ளியிட்டது என்று வரும். குறைந்த வெளிச்சமும் மெதுவான ஓட்டமும் போதும். தொட்டியின் அடியிலோ கல்லின் நிழல் பக்கத்திலோ வைக்க வேண்டும். வெளிச்சம் கூடினால் சுருண்டு நிறம் மங்கும், குறைந்தால் கிண்ணம்போல விரிந்து மேலே நீளும். பசை இதில் ஒட்டாது, உடலே சளி. ஒரு சின்னக் கிண்ணத்தில் உடைந்த சிப்பித் துண்டுகளைப் போட்டு, அதன் மேல் காளானை வைத்து, வாயைக் கொசுவலைத் துணியால் கட்டி ஓட்டம் இல்லாத மூலையில் விட்டால் பத்து நாளில் ஒரு துண்டைத் தானே பிடித்துக்கொள்ளும். பிறகு அந்தத் துண்டைக் கல்லில் ஒட்டலாம். ரொடாக்டிஸ் வகையும் இதே பராமரிப்புத்தான், இன்னும் பருமன். யானைக்காது என்று விற்கும் பெரிய இனத்தை மட்டும் தவிருங்கள். அது மூடி, உள்ளே தங்கிய சின்ன மீனைத் தின்றுவிடும்.

அடுத்தது தோல் முருகை: குடை போல வரும் சார்கோஃபைற்றன், விரல் விரலாக வரும் சினுலாரியா. நடு உயரம், நடுத்தர வெளிச்சம், தாராளமான ஓட்டம். இவற்றைப் பற்றி வருகிற பயக் கேள்விகளில் பெரும்பங்கு ஒன்றே: நாலு நாளாக மூடிக்கொண்டு, மேலே மெழுகு மாதிரிப் படலத்தோடு நிற்கிறது, செத்துவிட்டதா? சாகவில்லை. தோல் உரிக்கிறது. தன் மேல் படிந்த பாசியையும் அழுக்கையும் கழற்ற அது செய்கிற வேலை. சிலவேளை இரண்டு கிழமையும் எடுக்கும். அலைப் பம்பைக் கொஞ்சம் அதன் பக்கம் திருப்பிவிட்டால் படலம் கழன்று போகும். கையால் உரிக்கக்கூடாது. அடித்தண்டு கறுத்து, மெத்தென்று, நாறத் தொடங்கினால் மட்டுமே அது அழுகல். அப்போது நல்ல பகுதி வரை கூரிய பிளேற்றால் வெட்டியெடுக்க வேண்டும்.

தோல் முருகைகள் பக்கத்தில் உள்ளதை வளரவிடாமல் தண்ணீருக்குள் டேர்பீன் வகை இரசாயனங்களை விடும். சின்னத் தொட்டியில் அது விரைவில் தேங்கும். கல்முருகைகள் சேராமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த இரசாயனத்தை உறிஞ்சி எடுக்கத் தூண்டிய காபன் (வடிகட்டும் கரி) அரைக் கோப்பை ஒரு துணிப் பையில், மூன்று கிழமைக்கு ஒருக்கால் புதிதாக. வாங்கிய காபனை ஆர்ஓ தண்ணீரில் கறுப்புப் போகும்வரை கழுவிப் போடுங்கள்.

பச்சை நட்சத்திரம் என்று விற்கும் பிரையேரியம் ஊதாப் பாய்போலப் படர்ந்து, மேலே பச்சைப் பொலிப்புகளை (முருகையின் பூப்போன்ற தனித்தனி உடல்களை) புல்போல விரிக்கும். ஓட்டத்தில் அசையும்போது வயல் காற்றில் நெல் சாய்கிற மாதிரி இருக்கும். இதைவிடத் தாங்குகிற முருகை சொல்வது கடினம். அதுவே அதன் கெடுதியும்: தொட்ட கல்லையெல்லாம் மூடும், பக்கத்து முருகையையும் மூடும். முதன்மைக் கல்லில் ஒட்டவே வேண்டாம். மணலில் தனித்து நிற்கும் சின்னக் கல்லிலோ பின் கண்ணாடியிலோ விட்டு, விளிம்பை மாதம் ஒருமுறை உரித்தெடுங்கள். இடம் மாற்றினால் பத்து, பன்னிரண்டு நாள் பொலிப்பு விரியாமல் நிற்கும். அதைத் திரும்பத் திரும்பத் தூக்கிப் பார்ப்பதால் இன்னும் பிந்தும்.

சோவாந்தஸ், பலித்தோவா. பொத்தான் பூ மாதிரி, நூறு நிறத்தில். நடுத்தர வெளிச்சம், நடுத்தர ஓட்டம். வளர்ப்பது சுலபம், கையாள்வதில்தான் கண்டிப்பு. இவற்றில், முக்கியமாகப் பலித்தோவாவில், பலிரொக்சின் என்ற கடும் நஞ்சு இருக்கலாம். அதற்கு மாற்று மருந்து கிடையாது. வெட்டும்போது கையுறை, கண்ணாடி. வெட்டுக்காயம் உள்ள கையால் தொடக்கூடாது. பலித்தோவா பிடித்த கல்லைச் சுடுதண்ணீரில் போடுவதோ அவிப்பதோ தூரிகையால் தேய்ப்பதோ கூடவே கூடாது. நீராவியோடும் துளியோடும் நஞ்சு காற்றில் ஏறும். அப்படி வீட்டில் உள்ள எல்லோருமே வைத்தியசாலைக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியுள்ளன. சின்னப் பிள்ளைகள் தொட்டிக்குள் கை விடும் வீட்டில் இந்த இனத்தை விட்டுவிடுங்கள். காளானும் தோலும் போதும்.

சீனியா கையை மூடித் திறப்பது போலத் துடிக்கும், பார்க்க ஆசையாக இருக்கும். வெக்கை ஏறினால் ஒரே இரவில் உருகும். உருகாத தொட்டியில் களையாகப் படரும். கென்யா மரம் கிளையைத் தானே உதிர்த்து, விழுந்த இடமெல்லாம் முளைக்கும். இரண்டையும் தனிக் கல்லில் மட்டும்.

ஓர் ஆண்டு தாண்டி, ஒரு சித்திரையை இழப்பில்லாமல் கடந்த தொட்டிக்கு டங்கன், கோலாஸ்ற்றியா போன்ற பெரிய பொலிப்புக் கல்முருகைகளை யோசிக்கலாம். அதற்கு முன் வனஜீவராசிகள் திணைக்கள அலுவலகத்தில் விசாரித்து, இறக்குமதிப் பத்திரம் காட்டக்கூடிய விற்பனையாளரிடம் மட்டும். பத்திரம் இல்லை, நம்ம கடலில் எடுத்ததுதான் என்று மலிவாகக் காட்டினால் வாங்க வேண்டாம். வாங்குகிறவர் இருக்கும் வரைதான் பாறையை உடைக்கிறவரும் இருப்பார்.

அக்ரோபோரா, கோனியோபோரா, மஞ்சள் சூரிய முருகை, பூக்கோவா மாதிரி வரும் இளஞ்சிவப்பு மென்முருகை ஆகியவை இந்தத் தொட்டிக்கு இல்லை. கடைசி இரண்டும் ஒளியில் உணவு செய்யாதவை. நாள் தவறாமல் ஊட்ட வேண்டும், ஊட்டும் உணவே 65 லீற்றரைக் கெடுத்துவிடும். கடற்சாமந்தியும் வேண்டாம். அது இடம் பிடிக்காவிட்டால் நடந்து திரிந்து பம்பில் அடிபட்டு, முழுத் தொட்டியையும் ஒரு இரவில் நஞ்சாக்கும்.

கொண்டு வருவதும் இறக்குவதும்

முருகை கூடுதலாகக் கொழும்பிலிருந்துதான் வரும். இரவு பஸ்ஸிலோ ரயிலிலோ வருவதுதான் நல்லது, பகல் வெக்கை இல்லை. ரிஜிபோம் பெட்டிக்குள் இரட்டைப் பை, பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மிச்சம் காற்று. எஞ்சின் பக்கச் சூடு படாத இடத்தில் பெட்டி இருக்க வேண்டும். பனிக்கட்டிப் போத்தல் வைத்தால் பத்திரிகைத் தாளில் சுற்றி வையுங்கள். பையோடு நேரே முட்டினால் அந்தப் பக்கத் திசு செத்துவிடும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது: அடித் துண்டில் கண்ணாடி மாதிரித் தண்டும் மெல்லிய விரல்களும் உள்ள ஐப்ரேசியா என்ற களைக் கடற்சாமந்தி இருக்கிறதா, தோல் முருகையின் அடி உறுதியாக ஒட்டியிருக்கிறதா, சோவாந்தஸ் பொலிப்புகளுக்கிடையே அதே நிறத்தில் ஊரும் நத்தை இனம் ஏதும் தெரிகிறதா. மூடியிருப்பது மட்டும் குறையல்ல. அன்று வந்திறங்கியது மூடித்தான் இருக்கும்.

வீட்டில் பையை இருபது நிமிடம் மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமப்படுத்தி, காற்றுக் குழாயில் ஒரு முடிச்சுப் போட்டுச் செக்கனுக்கு இரண்டு மூன்று துளியாக அரை மணித்தியாலம் தொட்டித் தண்ணீரை இறக்க வேண்டும். பிறகு, ஒட்டி வரும் பூச்சிகளை உதிர்க்க, தொட்டித் தண்ணீர் ஒரு லீற்றரில் 5 வீத லூகோல் அயடின் ஐந்து துளி விட்டு, பத்து நிமிடம் முக்கி, மெல்ல ஆட்டி, வேறு சுத்தமான உப்புத் தண்ணீரில் அலசி எடுக்கவும். சீனியாவை முக்கக்கூடாது, தாங்காது. அந்தப் பூச்சிகளின் முட்டைக் கொத்துத் தெரிந்தால் ஊசியால் சுரண்டுங்கள். எந்த முக்கலும் முட்டையைக் கொல்லாது. கடை ஒட்டித் தந்த அடித் துண்டைக் கழற்றி எறிந்துவிட்டு உங்கள் துண்டில் ஒட்டுவது இன்னும் பாதுகாப்பு. பைத் தண்ணீர் ஒரு துளியும் தொட்டிக்குள் போகக்கூடாது.

ஒளி அளக்கும் மீற்றர் எல்லோரிடமும் இருக்காது. அதற்குப் பதில் பொறுமை: புதுத் துண்டு எதுவானாலும் முதல் கிழமை மணலில், விளக்கு மூன்றில் ஒரு பங்கு வலுவில். இரண்டாம் கிழமையிலிருந்து கிழமைக்குப் பத்து வீதமாக ஏற்றி, துண்டையும் அதன் இடத்துக்கு மெல்ல உயர்த்தலாம். நீலமும் வெள்ளையும் கலந்த 30 முதல் 50 வாற் எல்ஈடி, தண்ணீருக்கு மேல் 25 சென்ரிமீற்றரில், எட்டு மணித்தியாலம். அலைப் பம்ப் மணிக்கு 1200 முதல் 1500 லீற்றர், நேரே எந்த முருகையிலும் அடிக்காமல் கண்ணாடியில் மோதித் திரும்பும்படி.

மீன் இரண்டு சின்னதுக்கு மேல் வேண்டாம். கோமாளி மீன் ஒரு சோடி போதும். அவற்றின் எச்சமே முருகைக்கு உணவு. மீனுக்கு வருத்தம் வந்தால் செப்பு கலந்த மருந்தை இந்தத் தொட்டிக்குள் விடக்கூடாது. அது கல்லிலும் சிலிக்கனிலும் பிடித்துக்கொண்டு, பிறகு வருகிற நத்தை, இறால், முருகை எல்லாவற்றையும் கொல்லும். பழைய தொட்டி வாங்குபவர்களும் இதை விசாரித்து வாங்குங்கள்.

எல்லா முருகையும் ஒரே நாளில் மூடினால் ஒவ்வொன்றாகப் பார்த்து மினக்கெடாமல் முதலில் உவர்ப்பு, அடுத்து வெப்பநிலை, அடுத்து டிகேஎச் பாருங்கள். இங்கே பெரும்பாலும் உவர்ப்புத்தான்; இரண்டு நாள் நல்ல தண்ணீர் விட மறந்திருப்பார்கள். ஒரே நேரத்தில் திருத்தாமல் நாளுக்கு ஒரு அலகாக இறக்க வேண்டும். மூன்றும் சரி என்றால் பம்ப் காந்தத்தையும் பூட்டிய ஆணிகளையும் பாருங்கள்; துரு தெரிந்தால் கழற்றி, காபனை மாற்றி, 15 லீற்றர் தண்ணீர் மாற்றுங்கள். ஒரு முருகை மட்டும் மூடியிருந்தால் இரவு விளக்கு அணைந்து இரண்டு மணித்தியாலம் கழித்துச் சிவப்புக் கடதாசி ஒட்டிய ரோச்சால் பாருங்கள். தின்னுகிறவை அப்போதுதான் வெளியே வரும்.

வெட்டுவதும் கழிப்பதும்

ஆறேழு மாதத்தில் தோல் முருகை அடுத்ததை நிழலாக்கத் தொடங்கும். தொட்டிக்கு வெளியே, அதன் தண்ணீர் நிறைந்த கிண்ணத்தில் வைத்து, புது பிளேற்றால் குடையின் ஓரத்தை ஒரே இழுவையில் வெட்டி, சளி போகும்வரை இரண்டு தண்ணீரில் அலச வேண்டும். துண்டைச் சிப்பி ஓட்டில் வைத்து, மேலே கொசுவலையால் தளர்வாகக் கட்டினால் இரண்டு மூன்று கிழமையில் பிடிக்கும். இறுக்கிக் கட்டிய றப்பர் நாடா துண்டை இரண்டாக அறுத்துவிடும். வெட்டிய அன்றே காபனைப் புதுப்பியுங்கள். இந்தத் துண்டுகள்தான் பக்கத்து ஊரில் புதிதாகத் தொடங்குபவருக்கு மிகச் சிறந்த முதல் முருகை: வன்னி வெக்கையைக் கண்டு வளர்ந்தது, கொழும்புப் பயணம் இல்லாதது.

மாற்றிய உப்புத் தண்ணீரைக் கிணற்றடியிலோ வாழையடியிலோ ஊற்றக்கூடாது; கிணற்றுக்குத் தூரமான ஊறல் குழிக்குள் விட வேண்டும். மிஞ்சிய முருகையை நாயாற்றிலோ முல்லைத்தீவுக் கடலிலோ விடவே கூடாது. வெனிசுவேலாக் கரையில் வேற்று நாட்டுச் சீனியா வகை ஒன்று இப்படித் தொட்டி வணிகத்தால் வந்து சேர்ந்து, அங்குள்ள இயற்கைப் பாறையை மூடிக்கொண்டு போகிறது. காளானையும் சீனியாவையும் பச்சை நட்சத்திரத்தையும் சீமெந்துத் தரையில் இரண்டு நாள் வெயிலில் காயவிட்டுப் புதைக்கலாம். சோவாந்தஸையும் பலித்தோவாவையும் காயவிடக்கூடாது. கையுறையோடு ஒரு போத்தலுக்குள் போட்டு, ஒன்றுக்குப் பத்தாகக் கலந்த குளோரின் கரைசலில் அரை மணித்தியாலத்துக்கு மேல் ஊறவைத்து, மூடி இறுக்கிய பிறகே குப்பைக்கு.